தவக்காலத்து மாத்திரை

பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோது அல்போன்சா சந்தோஷமாக இருந்தாள். அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் காலை. வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. வாசலில் ஆளுக்கு ஆள் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அல்போன்சா புதுச் சேலை கட்டியிருந்தாள். அவள் புருஷன் சூசைமுத்து, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

சூசைமுத்து டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரன். திண்டுக்கல்லில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அவன் தேதிக்குக் காத்திருப்பார்கள், அவ்வளவு சுத்தமான கை. சாயங்காலமானால் அந்தக் கை நேராகப் போகிற இடம் வேறு. போன ஆண்டு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது, இன்னும் குடித்தால் ஆள் தேறமாட்டான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதிலிருந்து அல்போன்சாவுக்கு ராத்திரித் தூக்கம் போனது. பக்கத்தில் படுத்திருக்கிறவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே கைவைத்துப் பார்ப்பாள்.

கோயில் வாசலில் அவளைப் பிடித்து நிறுத்தியவள் எங்கள் தெரு ஆரோக்கியம்மாள்.

"என்னத்தா, முகத்துல இம்புட்டுச் சிரிப்பு?"

"மாத்திரை வேலை செய்யுதுக்கா. தவக்காலம் பூரா வாயில வைக்கலை மனுசன்."

"சூசைமுத்து மாத்திரை முழுங்குறானா? நெசமாவா?"

"அவரு எங்க முழுங்குவாரு? குழம்புல கரைச்சு விட்டுர்றேன். அவருக்குத் தெரியவே தெரியாது." அல்போன்சா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். எதை எதற்குள் மறைத்தால் ருசி தெரியாது என்பது அவளுக்குக் கைவந்த வித்தை. அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆரோக்கியம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அவனுக்குத் தெரியாமயா? அடியே, அதைத் தின்னுட்டுக் குடிச்சா உயிரே போயிருமேடி. இன்னைக்கு ஈஸ்டருடி!"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும், விளக்கும்போது எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயில் பங்கில் குடிகாரப் புருஷனுக்கு அந்தோணியார் கோயில் உப்பு போடுவது வெகுகாலமாக இருக்கிற பழக்கம். மந்திரித்த உப்பை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து அவனுக்குத் தெரியாமல் குழம்பில் போடுவார்கள். தெரிந்தால் பலிக்காது என்று ஒரு நம்பிக்கை. உப்பால் யாரும் திருந்தி நான் பார்த்ததில்லை, ஆனால் யாரும் செத்ததுமில்லை. குழம்பு கரித்தது, அவ்வளவுதான்.

பிறகு குடிநோய்க்கென்று ஒரு திட்டம் வந்தது. அதில் வேலைபார்த்த ஹாஃபிஸா, பேகம்பூர்ப் பெண், வீடு வீடாக வருவாள். புருஷனையும் பெண்சாதியையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசுவாள். பல தடவை வந்து பேசிய பிறகுதான் மாத்திரையை வெளியே எடுப்பாள். அப்போதும் அதைப் பெண்சாதி கையில் கொடுக்கமாட்டாள். இதை முழுங்கிவிட்டுக் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லி, அதை அவன் வாயாலேயே திரும்பச் சொல்லவைப்பாள். அவனே எடுத்து, அவனே முழுங்க வேண்டும். பெண்சாதி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரோக்கியம்மாள் புருஷன் சேவியர் அப்படிக் குடியை விட்டவர்தான். இன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார், சாயங்காலமானால் வீட்டில் இருக்கிறார்.

ஆனால் அப்படிப் போனால் ஒரு தெருவை முடிக்கவே ஒரு வருஷம் ஆகும். மேலே இருப்பவர்களுக்கு அது பொறுக்கவில்லை. நிறையப் பேருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று முடிவுசெய்தார்கள். ஹாஃபிஸாவை ஆபீசில் உட்காரவைத்துவிட்டு, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுவாரம் எங்கள் பங்கு மன்றத்தில் முகாம் போட்டார்கள். மைக், பந்தல், டோக்கன், வந்தவர்களுக்குக் குளிர்ந்த மோர். ஆண்கள் வரவில்லை, எந்தக் குடிகாரன் வருவான்? வரிசையில் நின்றதெல்லாம் பெண்சாதிகள். வெள்ளைக் கவரில் மாத்திரையைப் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்து, "தினம் ஒண்ணு, மறக்காம கொடுங்கம்மா, அடுத்தவங்க வாங்க" என்றார்கள். சாயங்காலம் இன்னொரு பங்குக்குப் போகவேண்டுமாம், வேன் காத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கவர் நேராக எங்கே போகும்? உப்பு போன இடத்துக்குத்தான் போனது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் கூத்து. தவக்காலத்தில் எங்கள் ஆண்கள் குடிக்கமாட்டார்கள், சூசைமுத்து போல மற்ற வருஷங்களில் பாதியில் உடைந்த ஒன்றிரண்டு பேரைத் தவிர. ஆண்டு முழுக்க உருண்டு புரண்டாலும் சாம்பல் பூசிக்கொண்டால் ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டார்கள், அதில் ஒரு ரோஷம். முகாம் போட்டவர்களுக்கு அது தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் குரலில் போன் வரும். "உங்கள் குடும்பத் தலைவர் நலமாக இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்." பெண்கள் எல்லாரும் ஒன்றையே அழுத்தினார்கள். திட்டம் பிரமாதமாக நடக்கிறது என்று அங்கே யாரோ கைதட்டியிருப்பார்கள்.

இப்போது ஈஸ்டர் வந்துவிட்டது.

ஆரோக்கியம்மாள் கோயில் வாசலைச் சுற்றிப் பார்த்தாள். புதுச் சேலை, மல்லிகைப் பூ, சிரிப்பு. இவர்களில் எத்தனை பேர் காலையில் குழம்பில் கரைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்? எத்தனை ஆண்கள் இந்நேரம் பாட்டிலைத் திறந்திருப்பார்கள்? அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அவள் போனில் ஹாஃபிஸாவின் நம்பர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் போனை அல்போன்சாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அவரு இப்ப எங்க இருக்காருக்கா?"

"ஆத்தூருல. அண்ணன் வீட்டு விருந்து. ராப்பூசை பாத்துட்டு, காலையில இட்லி சாப்ட்டுட்டுக் கிளம்பிட்டாரு," என்றாள் அல்போன்சா. இட்லிக்குக் கறிக்குழம்பு. குழம்பில் மாத்திரை.

"அக்கா, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. அவரு குடிக்கக் கூடாது. இன்னைக்கு மட்டுமில்ல, மாத்திரைய நிறுத்துனாலும் பல நாளைக்கு உடம்புல இருக்கும். நேர்ல போயி உள்ளதச் சொல்லிருங்க. திட்டுவாரு, அடிக்கக்கூட வருவாரு, பரவால்ல, சொல்லிருங்க. ஒருவேளை குடிச்சிருந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அங்க டாக்டர்கிட்ட மாத்திரைய மறைக்காதீங்க. மறைச்சா அவங்க வேற எதுக்கோ பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"செத்துருவாரா?" என்றாள் அல்போன்சா.

"அவரு ஈரல் கெட்ட ஆளுன்னு ஆரோக்கியம் அக்கா சொன்னாங்க. சீக்கிரம் போங்க."

அல்போன்சா புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அவன் அண்ணன் அந்தோணிராஜுக்குப் போட்டாள். யாரோ எடுத்து, பின்னால் பாட்டுச் சத்தம் இரைய, "ஹலோ, ஹலோ, கேக்கலை" என்று வைத்துவிட்டார்கள். அவள் மகள் பாத்திமா பாடகர் குழுப் பெண்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சேவியர் லோடு ஆட்டோவைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்தார். ஆரோக்கியம்மாள் ஏறவில்லை. "நீங்க போங்க. நான் இங்க மத்த வீடுகளப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கூட்டத்துக்குள் போனாள்.

ஆட்டோ செம்பட்டி ரோட்டில் போனது. அல்போன்சா போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். ரோட்டோரம் கடைகளில் ஈஸ்டர் கறிக்குக் கூட்டம் நின்றது. பைக்கில் ஒருவன் கையில் பையோடு போனாலே, அதில் பாட்டில் இருக்குமோ என்று எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அதைத் தின்னுட்டு எப்பவாச்சும் குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

சேவியர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "ஒரு தடவை. சும்மா சொல்றாங்களோன்னு பாக்க ஒரு மூடி ஊத்திப் பாத்தேன். மூஞ்சி பூரா தீ வச்ச மாதிரி ஆச்சு. நெஞ்சு தவிலு மாதிரி அடிக்குது. கண்ணு கட்டுது. செத்துட்டேன்னுதான் நெனச்சேன். ஆனா எனக்கு என்னன்னு தெரியும்ல. ஆரோக்கியத்தக் கூப்ட்டுச் சொல்லிட்டேன். தெரியாதவனுக்கு..." அதோடு நிறுத்திக்கொண்டு ஆட்டோவை முடுக்கினார்.

அந்தோணிராஜின் வீடு ஆத்தூரில் தோப்புக்குள் இருக்கிறது. பெண்கள் எல்லாம் வீட்டுப் பின்கட்டில் கறி அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஆண்கள் கிணற்றடி மோட்டார் ரூமில். விருந்து நாளில் மோட்டார் ரூம் என்றால் என்ன என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும், அந்தப் பக்கம் யாரும் தலைகாட்டமாட்டார்கள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வேண்டுமென்றால்கூட ஆண்கள்தான் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார்கள். அல்போன்சா அடுப்படியில் இருந்தவர்கள் கூப்பிடக் கூப்பிடத் தென்னை வரிசைக்குள் ஓடினாள். அவள் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை.

மோட்டார் ரூம் வாசலில் போய் நின்றதும் உள்ளே பேச்சு அடங்கியது. ஏழெட்டு ஆண்கள். நடுவில் தட்டில் வறுவல். சூசைமுத்து சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் டம்ளர். மற்றவர்கள் டம்ளரெல்லாம் பாதியும் காலியுமாக இருக்க, அவனுடையது ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது. அவள் முதலில் பார்த்தது அதைத்தான். குடிக்கவில்லை! கர்த்தரே, இன்னும் குடிக்கவில்லை!

"என்ன அல்போன்சா, நீயும் ஒரு ரவுண்டு வாரியா?" என்றார் அந்தோணிராஜ். எல்லாரும் சிரித்தார்கள்.

"இவரு கொஞ்சம் வெளிய வரட்டும் மச்சான்."

"எதுக்கு? இங்கயே சொல்லு."

உள்ளதைச் சொல்லிவிடு என்றாள் ஹாஃபிஸா. சொல்வது என்ன அவ்வளவு சுலபமா? ஏழெட்டு ஆண்கள் முன்னால், புருஷனுடைய அண்ணன் முன்னால், நான் தினமும் உங்கள் சோற்றில் மருந்து கலந்தேன் என்று ஒரு பெண்சாதி எப்படிச் சொல்வாள்? சொன்னால் அந்த வீட்டில் அவளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இடுமருந்து வைத்தவள் என்பார்கள். அவள் மகளைக் கட்டிக்கொடுக்கிற நாள் வரைக்கும் பேசுவார்கள். அந்த ஒரு கணத்தில் அவளுக்குப் புருஷன் சாவதைவிட அந்தப் பேச்சு பக்கத்தில் தெரிந்தது. பிறகு மற்றவர்கள் இதற்காக அவளைத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை, அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

"பாத்திமா மயங்கி விழுந்துட்டா. வாங்க, போகணும்," என்றாள்.

சூசைமுத்து டம்ளரைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு அதை அவள் பக்கம் திருப்பினான். கோயில் வாசலில் பாத்திமா பல்லெல்லாம் தெரிய நின்ற படம். கீழே, ஹேப்பி ஈஸ்டர்ப்பா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்தது.

"இம்புட்டுத் தடவை போன் போட்ட. நான் குடிக்கிறனான்னு வேவு பாக்கத்தானே? அது பத்தாதுன்னு இங்கயே வந்துட்ட. அதுக்கு எம் பொண்ணு மேலயே பொய்யா?"

"ஐயோ, இல்லங்க..."

"பாத்தியா தம்பி, உன்னைய எப்படி வச்சிருக்கான்னு!" என்று ஒருவன் எடுத்துக்கொடுத்தான். மறுபடியும் சிரிப்பு.

சூசைமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. அவளையே பார்த்தபடி டம்ளரை எடுத்தான்.

"குடிக்காதீங்க! குடிக்காதீங்க, மாத்..." அவள் பாய்ந்து கையைப் பிடிப்பதற்குள் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டான். டம்ளரை அவள் காலடியில் எறிந்தான்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் பெரிய கொடுமை என்றாள் அல்போன்சா. ஆகாது, ஆகாது, அவருக்கு ஒண்ணும் ஆகாது என்று மனசுக்குள் ஜெபமாலை போலச் சொல்லிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். சூசைமுத்து ஒரு துண்டு வறுவலை எடுத்து வாயில் போட்டான். மென்றுகொண்டே கழுத்தைத் தடவினான். சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "என்னண்ணே இம்புட்டுப் புழுங்குது?" என்றான். அவன் கழுத்து சிவந்து, சிவப்பு முகத்துக்கு ஏறி, கண்ணுக்குள்ளும் ஏறியது. எழுந்து நிற்கப் பார்த்தான், சுவரைப் பிடித்தான், அப்படியே வாந்தி எடுத்தான்.

"நெஞ்சு... அண்ணே, நெஞ்சு அடைக்குது."

அந்தோணிராஜ் அவனைத் தாங்கிப் பிடித்தார். யாரோ, "சரக்குல என்னமோ கெடக்குடா!" என்று கத்தினான். அவ்வளவுதான். வாட்டசாட்டமான ஆண்கள் எல்லாம் டம்ளரை வீசி எறிந்துவிட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டார்கள். ஒருவன் கிணற்றடியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். வேறு நாளாயிருந்தால் அல்போன்சாவே சிரித்திருப்பாள். அன்றைக்கு, விஷம் என்று அவர்கள் கத்தக் கத்த அவள் புதுச் சேலைத் தலைப்பால் சூசைமுத்துவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சேவியர் ஆட்டோவைக் கிணறு வரைக்கும் கொண்டுவந்தார். பின்னால் தார்ப்பாயில் சூசைமுத்துவைப் படுக்கவைத்தார்கள். தலை அல்போன்சாவின் மடியில். அந்தோணிராஜ் எதிரே உட்கார்ந்து தம்பியின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். சூசைமுத்துவின் கை சில்லிட்டுப்போயிருந்தது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அவளைப் பார்த்தான், ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"எவனோ சரக்குல கலந்திருக்கான். வெக்காளி, எவனா இருந்தாலும் விடமாட்டேன். போலீசுக்குப் போறேன்," என்றார் அந்தோணிராஜ். சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். அவள் வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. சேவியர் கண்ணாடியில் அவளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ஆனந்தி சின்ன வயசுப் பெண். சூசைமுத்துவைக் கட்டிலில் போட்டதும் ஏதேதோ ஒயரை மாட்டினார்கள். நர்ஸ் பிரஷரைப் பார்த்துச் சொன்ன எண்ணைக் கேட்டு டாக்டர் திரும்பிப் பார்த்த பார்வையே போதும், அல்போன்சாவுக்கு விஷயம் புரிந்தது.

"என்ன சாப்பிட்டாரு?"

"பிராந்தி. ஒரு டம்ளர்தான் டாக்டர். அதுல விஷம் இருந்திருக்கு. அதே பாட்டில்ல நானும் குடிச்சேன், எனக்கும் ஊசி போடுங்க," என்றார் அந்தோணிராஜ்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு... எனக்கு ஒண்ணும் பண்ணல."

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அல்போன்சாவிடம் வந்தார். "நீங்க மனைவியா? இதுக்கு முன்னாடி ஹார்ட் பிரச்னை இருக்கா? வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?"

கட்டிலில் சூசைமுத்துவின் கால் ஒரு தடவை உதறியது. மெஷின் வேறு மாதிரிக் கத்த ஆரம்பித்தது. அதோடு அவளுடைய எல்லாப் பேச்சுப் பயமும் போய்விட்டது. ஒரே ஒரு பயம்தான் மிச்சம் இருந்தது.

"மாத்திரை குடுத்திருக்கேன் டாக்டர். குடிய நிறுத்துற மாத்திரை. முகாம்ல குடுத்தது. அவருக்குத் தெரியாமக் குழம்புல போட்டேன். காலையிலயும் போட்டேன். ஈரல் வேற கெட்டிருக்கு. காப்பாத்துங்க டாக்டர், நான்தான், நான்தான் போட்டேன்."

டாக்டர் ஆனந்தி ஒரு கேள்விகூடக் கேட்காமல் திரும்பி நர்சிடம் மளமளவென்று ஏதோ சொன்னார். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். அந்தோணிராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார்.

"எந்தம்பிக்கு மருந்து வச்சியாடி? சோத்துல மருந்து வச்சியா?"

"ஆமா மச்சான்," என்றாள் அவள்.

அடிக்க ஓங்கிய கையைச் சேவியர் பிடித்துக்கொண்டார். டாக்டர் உள்ளே இருந்தே, "எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே சிமெண்டு பெஞ்சில் அல்போன்சா ஒரு ஓரம், அந்தோணிராஜ் மறு ஓரம். ஆத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வந்து அவர் பக்கமே உட்கார்ந்தார்கள். ஒரு பெண்கூட அவள் பக்கம் வரவில்லை. பாத்திமா வந்தாள், பெரியப்பா சொன்னதைக் கேட்டாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றாள். பிறகு தூணோரம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆரோக்கியம்மாள் போன் பண்ணினாள். தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டாளாம். ஒரு வீட்டில் விஷயம் தெரிந்து அந்த மனுஷன் சட்டி பானையை எல்லாம் உடைத்தான், ஆனால் குடிக்கவில்லை. இன்னொருத்தி, நான் கொடுக்கவே இல்லை என்று கோயில் பக்கம் கைநீட்டிச் சத்தியம் செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு புருஷனுக்குப் போன் போடுகிறாள். இன்னொருவன் ஒட்டன்சத்திரம் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறான், போனை எடுக்கவில்லை, ஹாஃபிஸா அங்கே ஆள் அனுப்பியிருக்கிறாள். "அங்க எப்படிடி?" என்றாள் ஆரோக்கியம்மாள். "தெரியலக்கா," என்றாள் அல்போன்சா.

அதை வைத்ததும் மறுபடி மணி அடித்தது. எடுத்தாள்.

"வணக்கம். உங்கள் குடும்பத் தலைவர் நலமாக இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால் எண் இரண்டை அழுத்தவும்."

இரண்டை அழுத்தினாள். சரியாகப் பதியவில்லையோ என்று மறுபடியும் அழுத்தினாள்.

"நன்றி. எங்கள் பணியாளர் வேலை நாட்களில் உங்களைத் தொடர்புகொள்வார்."

வெயில் இறங்கிய பிறகுதான் டாக்டர் ஆனந்தி வெளியே வந்தார். பிரஷர் ஏறிவிட்டது, பிழைத்துக்கொண்டார், இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருக்கவேண்டும் என்றார். அந்தோணிராஜ் முதலில் உள்ளே போனார். நெடுநேரம் கழித்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "வரச்சொல்றான்," என்றார்.

சூசைமுத்து மல்லாந்து படுத்திருந்தான். முகத்தில் சிவப்பு இறங்கிச் சாம்பல் பூத்திருந்தது. அவள் கட்டிலோரம் நின்றாள். அழுகை வந்தது, அழவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"அண்ணன் சொன்னது நெசமா?"

"நெசந்தாங்க."

"எப்பத்துல இருந்து?"

"முகாம் போட்டாங்கல்ல, அதுல இருந்து. மாத்திரையாலதான் குடிக்காம இருக்கீங்கன்னு நெனச்சேன். நல்லது நடக்குதுன்னு..."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "மாத்திரையாலயா? அது குடிய நிறுத்தாதாம்ல அல்போன்சா. குடிச்சா ஆளத்தான் கொல்லுமாம். டாக்டரம்மா சொன்னாங்க." குரல் உடைந்தது. "சாயங்காலமானா கை நடுங்கும். கடை இருக்கிற ரோட்டுல வராம, சுத்திக்கிட்டு நடந்து வருவேன். சாமிகிட்ட கெஞ்சிக்கிட்டே வருவேன். அம்புட்டு நாளும் நானாத்தான் இருந்தேன். நீ மாத்திரைன்னா நெனச்ச?"

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது; அவள் செய்தது அவனுக்குத் தெரியாது. இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேச அங்கே ஆள் இல்லை. கவர் மட்டும்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் உதட்டை நக்கினான். தாகம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து, டம்ளரில் ஊற்றி, ஒரு கையால் அவன் தலையைத் தூக்கி, மறு கையால் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் கண்ணில் இருந்தது பயம்.

"நீ குடி மொதல்ல," என்றான்.

அவள் பாதித் தண்ணீரைக் குடித்தாள். அவன் டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் முகம் சிவக்கிறதா, மூச்சு மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். அவளும் அசையாமல், அவன் பார்த்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள்.